மகுடம் யாருக்குப் போயிருக்கும்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பைசாந்தியப் பேரரசின் கொம்னினோஸ் வம்சத்தைப் பற்றி எழுதி, முடிவில் ஒரு கேள்வியையும் போட்டிருந்தோம்: 1143இல் தம்பி மனுவேலுக்குப் பதிலாக அண்ணன் ஈசாக் அரியணை ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதையே கதையாகவும் நாடகமாகவும் எழுத உட்கார்ந்துவிட்ட வாசகர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாமே பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதும் அவற்றுக்குத்தான்.

ஈசாக் மூத்தவர், தலைநகரிலேயே இருந்தவர். தகப்பன் இறந்தபோது மனுவேல் எங்கோ தொலைவில். அப்படியிருந்தும் தம்பி எப்படி ஜெயித்தார்? கதையில் எந்த இடத்தை மாற்றினால் நம்பும்படி இருக்கும்?
(ஹட்டன் வாசகர்)

முதலில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். பேரரசர் இரண்டாம் யோவானுக்கு நான்கு மகன்கள்: அலெக்ஸியோஸ், அந்திரோனிக்கோஸ், ஈசாக், மனுவேல். மூத்தவர் ஏற்கெனவே இணைப் பேரரசராக முடிசூட்டப்பட்டவர். அவர் 1142இல் அத்தாலியாவில் காய்ச்சல் கண்டு இறந்தார். உடலைத் தலைநகருக்குக் கொண்டுபோகும் பொறுப்பு தம்பிமாருக்கு வந்தது. கொஞ்ச நாளிலேயே அந்திரோனிக்கோசும் போய்விட்டார். ஈசாக் தலைநகரான கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்ததற்குக் காரணம் இந்த மரணங்கள்தான். கடைக்குட்டி மனுவேல் மட்டும் தகப்பனோடு படையில் இருந்தார். 1143 வசந்தத்தில் சிலிசியாவில் (இன்றைய துருக்கியின் தென்கரை) பன்றி வேட்டைக்குப் போன யோவானின் கையை நச்சு அம்பு ஒன்று கீறியது. காயம் பழுத்து, ஏப்ரல் 8ஆம் திகதி உயிர் போனது. அதற்கு முன் படைத்தலைவர்களைக் கூடாரத்துக்கு அழைத்து, தெரிவு மனுவேல்தான் என்று அறிவித்து, தன் கையாலேயே முடியும் சூட்டினார். மூத்தவனுக்கே உரிமை என்று நினைத்தவர்கள் படையிலும் இருந்தார்கள். ஆனால் கூடாரத்துக்குள் இருந்தவர் இளையவர்.

இங்கேதான் பல கதைகள் வழுக்குகின்றன. பேரரசர் கை காட்டியதோடு விஷயம் முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். பைசாந்தியத்தில் எழுதிவைத்த வாரிசுச் சட்டம் கிடையாது. படை, மக்கள், திருச்சபை ஆகிய மூன்றின் வாழ்த்தும், தலைநகரும் கையில் வந்தால்தான் ஒருவர் பேரரசர். அந்த ஏப்ரலில் கணக்கு இப்படி நின்றது: மனுவேலிடம் படையும் தகப்பனின் வாக்கும். ஈசாக்கிடம் நகரம், பெரிய அரண்மனை, கருவூலம், அரச உடைகளும் முடிகளும். இருவருக்குமே இல்லாதது ஒன்று உண்டு. முடிசூட்டி வைக்க வேண்டிய பாத்திரியார்க், அதாவது தலைமைப் பேராயர், அந்த வருடத் தொடக்கத்திலேயே இறந்துபோயிருந்தார். ஆசனம் வெறுமையாகக் கிடந்தது.

ஈசாக்கிடம் இல்லாத இன்னொன்று, செய்தி. தகப்பன் இறந்தது அவருக்குத் தெரியாது. மனுவேல் தகப்பனின் ஈமக்கடனுக்காக ஒரு மாதம் அங்கேயே நின்றாலும், படைத்தலைவர் யோவான் ஆக்சூக்கை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். இந்த ஆக்சூக் 1097இல் நிக்கேயாவில் சிறுவனாகப் பிடிபட்ட துருக்கியர்; யோவானோடு ஒன்றாக வளர்ந்து பேரரசின் மிக உயர்ந்த படைப்பதவிக்கு வந்தவர். அவர் செய்தியை முந்திக்கொண்டு நகருக்குள் நுழைந்து, ஈசாக்கைப் பிடித்துப் பந்தோக்கிராத்தோர் மடாலயத்தில் அடைத்தார். அது அவர்களுடைய தகப்பனும் தாயும் கட்டிய மடாலயம். அடுத்து தலைநகரின் பெரிய தேவாலயமான ஹாகியா சோபியாவின் குருமாரிடம் போய், வருடந்தோறும் 200 இறாத்தல் வெள்ளி வழங்குவதாக உறுதிசொல்லும் ஓலையை நீட்டினார். அதில் பேரரசரின் சிவப்பு மைக் கையொப்பமும் பொன் முத்திரையும் இருந்தன. வெள்ளிக்கு மசியாவிட்டால் அதே தொகையைப் பொன்னில் தருவதாக இன்னொரு ஓலையும் அவரிடம் இருந்தது என்று வரலாற்றாசிரியர் நிக்கெத்தாஸ் கோனியாத்தேஸ் சொல்கிறார். வெள்ளியே போதுமாக இருந்தது.

ஆகவே மாற்ற வேண்டிய இடம் மரணப் படுக்கை அல்ல. வழியில் போகும் செய்தியை மாற்றுங்கள். சிலிசியாவிலிருந்து தலைநகர் ஏறக்குறைய 900 கிலோமீற்றர். குதிரை மாற்றிப் போகும் தூதன் நாளுக்கு 70, 80 கிலோமீற்றர் போனால் 12 நாள் பிடிக்கும். பொதிவண்டிகளோடு நகரும் படைக்கு நாளுக்கு 20 கிலோமீற்றர் என்றால் 45 நாள். மனுவேல் நின்ற ஒரு மாதத்தையும் சேர்த்தால் தூதன் வருவதற்கும் படை வருவதற்கும் நடுவில் இரண்டு மாதம் விழுகிறது. ஆக்சூக்குக்கு ஒரேயொரு நாள் முன்னதாக ஈசாக்கின் ஆள் ஒருவன் வந்துசேர்ந்தால் போதும். மற்ற எதையும் தொடாதீர்கள். பாத்திரியார்க்கை உயிர்ப்பிக்காதீர்கள், ஆக்சூக்கைக் குதிரையிலிருந்து விழுத்தாதீர்கள். இரண்டு தற்செயல்களை வாசகர் பொறுத்துக்கொள்வார், மூன்றாவது வந்தால் புத்தகத்தை மூடிவிடுவார்.

செய்தி கிடைத்த ஈசாக் என்ன செய்ய வேண்டும், எந்த ஒழுங்கில்? முதலில் அரண்மனைக் காவல். கோடரி ஏந்திய வராங்கியர் படை யார் உள்ளே இருக்கிறாரோ அவருக்கே சத்தியம் செய்யும். சம்பளம் நின்றால் சத்தியமும் தளரும். அடுத்து கருவூலம். மனுவேல் நகருக்குள் வந்தபோது வீட்டுக்கு இரண்டு பொற்காசு கொடுத்தார். ஈசாக் அதை முந்திக் கொடுத்தால் தெரு அவர் பக்கம். மூன்றாவது ஆயர் மன்றத்தைக் கூட்டிப் புதிய பாத்திரியார்க்கைத் தெரிவு செய்வித்து, அதே கிழமையில் முடிசூடிக்கொள்வது. நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: கப்பல். மனுவேலின் படை ஆசியக் கரையில் வந்து நிற்கும், நகரம் ஐரோப்பியக் கரையில். நடுவில் பொஸ்போரஸ். கப்பல்கள் எல்லாம் மேற்குக் கரையில் கட்டிக் கிடந்தால் எவ்வளவு பெரிய படையும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்படி நின்றால் காலம் ஈசாக் பக்கம். படைத்தலைவர்களின் மனைவி மக்களும் வீடுகளும் நகருக்குள். நான்கைந்து கிழமையில் இரவில் கடிதங்கள் போகத் தொடங்கும். ஆனால் ஈசாக்கின் வெற்றி உறுதி என்றும் எழுதக் கூடாது. 1081இல் இவர்களுடைய பாட்டன் முதலாம் அலெக்ஸியோஸ் வெளியிலிருந்து வந்து, மதிலின் ஒரு கோபுரத்தைக் காத்த ஜெர்மானியக் கூலிப்படையை விலைக்கு வாங்கித்தான் நகருக்குள் புகுந்தார். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. ஈசாக் முன்கோபக்காரர் என்ற பெயரும் எடுத்தவர். நெருக்கடி நேரத்தில் காவற்படைத் தலைவன் ஒருவனைக் கூட்டத்துக்கு முன் அவமதித்துவிட்டார் என்று நீங்கள் எழுதினால், அது அவருடைய சுபாவத்துக்குப் பொருந்தும். ஒரு மதிற்கதவு திறந்துகொள்ளக் காரணமும் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மனுவேலின் தகுதியைப் புகழ்ந்து தகப்பன் ஆற்றியதாக வரும் நீண்ட மரணப்படுக்கைப் பேச்சை அப்படியே நம்பிக் கதையில் வைக்காதீர்கள். அதை எழுதிய இருவரில் யோவான் கின்னாமோஸ் மனுவேலின் செயலாளர். கோனியாத்தேஸ் பல பத்தாண்டு கழித்து எழுதியவர். வென்றவர் யார் என்று தெரிந்த பிறகு எழுதப்பட்ட பேச்சு அது.

இதைப் பாடசாலை நாடகமாகப் போட நினைக்கிறோம். எட்டுப் பிள்ளைகள், 20 நிமிடம், செலவழிக்கப் பணம் இல்லை. அரச அலங்காரம் எப்படிக் காட்டுவது?
(தலவாக்கலை ஆசிரியை)

முடியை விட முக்கியமானது காலணி, டீச்சர். சிவப்புக் காலணி பேரரசருக்கு மட்டுமே உரியது. வேறொருவர் அதை மாட்டினால் அதுவே கிளர்ச்சி. பழைய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடியைச் சிவப்புத் துணிச்சாயத்தில் முக்கிக் காயவைத்தால் போதும். மற்ற ஏழு பேரும் கறுப்பு அல்லது வெறுங்கால். கூடாரக் காட்சியில் அந்தச் சப்பாத்து தகப்பனின் காலிலிருந்து மகனின் காலுக்குப் போவதைக் காட்டினால் பின்வரிசையில் இருப்பவருக்கும் விளங்கும்.

ஓலையையும் கவனமாகச் செய்யுங்கள், நாடகத்தின் நடுப்புள்ளி அதுதான். உண்மையான பொன் முத்திரை சிறியது, பட்டுக்கயிற்றில் தொங்கும் உலோக வில்லை. அரக்கு முத்திரை அல்ல. மேற்கு ஐரோப்பியப் படங்களைப் பார்த்து அரக்கு வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. மேடைக்கு 7 சென்ரிமீற்றர் அகலத்தில் தடித்த மட்டையை வட்டமாக வெட்டி, இரு பக்கமும் பொன்னிறத் தாள் ஒட்டி, சிவப்பு நூலில் கோத்துத் தொங்கவிடுங்கள். எழுத்து கறுப்பு மையில், கையொப்பம் மட்டும் சிவப்பில். இரண்டு ஓலை செய்யுங்கள். ஆக்சூக் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை அங்கிக்குள் திரும்பச் செருகுவதை, ஒரு வார்த்தையும் பேசாமல், சபை பார்க்க வேண்டும்.

புதிய பேரரசரைக் கேடயத்தில் ஏற்றித் தூக்கும் காட்சி பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் இந்தக் கதைக்குச் சேராது. ஆதிக் காலத்திலும், பிறகு 13ஆம் நூற்றாண்டிலும் சொல்லப்படும் வழக்கம் அது. பிள்ளைகள் விழுந்து அடிபடும் பயமும் இல்லாமல் போகும். அதற்குப் பதில் படை ‘பல்லாண்டு, பல்லாண்டு’ என்று முழங்கட்டும். அவர்களும் அப்படித்தான் வாழ்த்தினார்கள். கண்ணைக் குருடாக்கும் காட்சியும் வேண்டாம். பைசாந்தியம் என்றாலே அதைத்தான் போடுகிறார்கள். ஈசாக்கை மனுவேல் தொடவில்லை, பிறகு சமாதானமாகிவிட்டார்கள்.

நமது கண்டி இராச்சியத்திலும் 1739இலும் 1798இலும் பிள்ளை இல்லாமல் அரசர்கள் இறந்தார்கள். அந்த அனுபவத்தை வைத்தே பைசாந்தியக் கதையை எழுதலாமா?
(கண்டி வாசகர்)

பாதி தூரம் வரைக்கும் எழுதலாம். 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது அவருடைய நாயக்க அரசியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். 1798இல் இராஜாதி ராஜசிங்கன் இறந்தபோது அதிகார் பிலிமத்தலாவ, 18 வயது மதிக்கத்தக்க கண்ணுச்சாமியைத் தெரிந்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக்கினார். அரசியின் சகோதரர் முத்துச்சாமி தனக்கே உரிமை என்று ஆங்கிலேயரிடம் போனார். இரத்த உறவு ஒரு தகுதி மட்டுமே, அமர்த்துகிற கை வேறு: இந்த அம்சம் இரண்டு இடத்துக்கும் பொது. ஆக்சூக்கின் மனதை எழுதும்போது பிலிமத்தலாவயை நினைத்துக்கொள்ளலாம், ஒரு வித்தியாசத்தோடு. பிலிமத்தலாவ தான் அமர்த்தியவரோடு பிறகு மோதி உயிரை இழந்தார். ஆக்சூக் கடைசி வரை பதவியில் இருந்தார்.

ஒத்துப்போகாத இடம் நகரம். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டிக்குள் வந்தபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. அரசனும் குடிகளும் மலைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். வெற்று நகரில் அரசனாக்கப்பட்ட முத்துச்சாமிக்கு ஆள்வதற்கு ஒருவரும் இல்லை. ஜூனில் அந்தக் காவற்படை பணிந்தபோது அவரும் கொல்லப்பட்டார். கண்டியில் நகரை விட்டுப் போவது ஒரு போர்முறை. நமது காடும் மழையும் கணவாய்களும் மதிலின் வேலையைச் செய்தன. கொன்ஸ்தாந்திநோபிளை விட்டுப் போன பேரரசருக்கு வரி, கப்பல், நாணயச்சாலை, திருச்சபை என்று எதுவும் மிஞ்சாது. ஆகவே உங்கள் கதையில் ஈசாக்கை மலைக்கு அனுப்பிக் கெரில்லாப் போர் நடத்த வைக்காதீர்கள். நகரை இழந்த அன்றே அவர் தோற்றுவிட்டார்.

ஹங்கேரி இளவரசர் ஒருவர் பைசாந்தியப் பேரரசராக இருந்தார் என்று படித்தேன். உண்மையா? அவர் ஆகியிருந்தால் 1204இல் சிலுவைப் போர்வீரர் கொன்ஸ்தாந்திநோபிளைச் சூறையாடிய அழிவு தடுக்கப்பட்டிருக்குமா?
(பண்டாரவளை வாசகி)

பேரரசராகவில்லை, ஆறு வருடம் வாரிசாக இருந்தார். எங்களைக் கேட்டால், பைசாந்திய வரலாற்றில் ‘நடந்திருந்தால்’ என்று கேட்பதற்கு மிகவும் பொருத்தமான இடம் இதுதான்.

மனுவேலுக்கு முதல் மனைவி மூலம் பிழைத்தது ஒரு மகள், மரியா. 1163இல் ஹங்கேரி அரசரின் தம்பி பேலாவைத் தலைநகருக்கு வரவழைத்து, அலெக்ஸியோஸ் என்று பெயர் மாற்றி, மரியாவுக்கு நிச்சயம் செய்தார். பேலாவுக்கென்றே டெஸ்பொத்தேஸ் என்ற புதிய பட்டமும் உருவானது. பையனோடு அவனுடைய முதுசமான தல்மாத்தியாவும் சிர்மியமும் வரும் என்பது மனுவேலின் கணக்கு. பிரபுக்கள் எல்லோரும் இருவருக்கும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பேரரசரின் ஒன்றுவிட்ட சகோதரர் அந்திரோனிக்கோஸ் மட்டும் மறுத்தார். நாளைக்கு உங்களுக்கே மகன் பிறந்தால் இன்னொரு சத்தியம் செய்ய வேண்டிவரும், வெளியூரானுக்குத் தலைவணங்குவது நமக்கு அவமானம் என்பவை அவர் சொன்ன காரணங்கள். முதற் காரணம் பலித்தது. 1169 செப்டெம்பரில் இரண்டாவது மனைவி அந்தியோக்கியா மரியா ஆண்பிள்ளை பெற்றார். நிச்சயதார்த்தம் முறிந்தது, பேலா சீசர் பட்டத்துக்கு இறக்கப்பட்டார். 1172இல் அவருடைய அண்ணன் இறக்க, ஹங்கேரிக்கே திரும்பி அரசரானார்.

மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: 1169இல் பிறந்தது பெண்பிள்ளை. இதைவிடச் சிறிய, இதைவிட இயல்பான மாற்றம் கிடைக்காது.

இப்போது விளைவுகளைப் படிப்படியாகப் பாருங்கள். முதல் முடிச்சு 1172. வாரிசாகவே இருக்கும் பேலாவை ஹங்கேரியர் தங்களுக்கு அரசராகவும் கேட்பார்கள். அங்கே முடிசூட்டும் உரிமை எஸ்தெர்கொம் பேராயருக்கு. உண்மையில் அவரே பேலாவுக்கு முடிசூட்ட மறுத்து, பாப்பரசரின் அனுமதியோடு கலோச்சா பேராயர்தான் 1173இல் சூட்டினார். ஹங்கேரிக்குத் தம்பி ஒருவனும் போட்டிக்கு இருந்தான். கொன்ஸ்தாந்திநோபிள் அரியணைக்காகக் கிழக்குத் திருச்சபைக்கு மாறிய வாரிசுக்கு அந்த அனுமதி கிடைப்பது இன்னும் கடினம். இரண்டு முடியும் ஒரே தலையில் என்று எழுத ஆசை வரும். ஆசைப்படாதீர்கள். பேலா தலைநகரிலேயே தங்க, தம்பி ஹங்கேரியை ஆள்வதே நடக்கக்கூடியது.

இரண்டாவது முடிச்சு 1180 செப்டெம்பர் 24, மனுவேலின் மரணம். உண்மையில் அன்று மிஞ்சியது 11 வயதுப் பையனும், மக்கள் வெறுத்த அந்தியோக்கியத் தாயும். அந்த வெற்றிடத்துக்குள்தான் அந்திரோனிக்கோஸ் புகுந்தார். 1182இல் நகரில் இருந்த இத்தாலியர் கொன்று குவிக்கப்பட்டார்கள். 1183இல் பையன் வில் நாணால் நெரிக்கப்பட்டான். 1185இல் நோர்மானியர் தெசலோனிக்காவைச் சூறையாடினார்கள். அந்திரோனிக்கோசைத் தெருவே கிழித்தது. அதே காலத்தில் பல்கேரியா கிளம்பியது. மாற்றுக் கதையில் அன்று அரியணையில் இருப்பவர் முப்பது வயது தாண்டிய, 17 வருடம் அரண்மனையில் பழகிய ஆண். பக்கத்தில் பேரரசரின் சொந்த மகள், அவளுக்கு 28 வயது. அவள் பேரும் துணிவும் லேசானதல்ல. உண்மையிலேயே 1181இல் ஹாகியா சோபியாவுக்குள் புகுந்து அரசுப் படையை எதிர்த்து நின்றவள். பாலகன் ஆட்சி என்ற ஓட்டை அடைபடுகிறது. அந்திரோனிக்கோஸ் வந்தால் அறுபதைத் தாண்டிய கிழக் கலகக்காரராகவே வருவார்.

எதிர்ப்பு இல்லாமல் போகாது. வெளியூரான் என்ற பேச்சு, இத்தாலிய வணிகர் மீது நகரத்துக்கு இருந்த ஆத்திரம் இரண்டும் அப்படியே இருக்கும். பேலா செய்யக்கூடிய மிக மோசமான பிழை ஹங்கேரியக் காவற்படையை நகருக்குள் கொண்டுவருவது. அதை அவர் செய்துவிட்டால் 1182 போன்ற ஒரு நாள் அவருக்கும் வரும். செய்யாவிட்டால் வெனிஸ் 1204இல் கப்பலோடு வருவதற்கான முதற் காரணங்கள் மெலிந்துவிடுகின்றன. வாரிசுரிமை கேட்டு மேற்கே ஓடி, சிலுவைப் போர்வீரரை நகருக்கு அழைத்துவந்த இளவரசன் ஆஞ்சலோஸ் குடும்பத்தவன். அந்திரோனிக்கோஸ் வீழ்ந்த 1185இல்தான் அந்தக் குடும்பம் அரியணை ஏறியது. 1185 இல்லாவிட்டால் அது அரியணைப் பக்கமே வந்திராது. ‘தடுக்கப்பட்டிருக்குமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வழியாக, அந்த வருடத்தில் வந்திராது என்பது எங்கள் துணிபு. 1171இல் மனுவேல் வெனிஸ் வணிகரை ஒரே நாளில் கைதுசெய்து பொருளைப் பறித்த பகை இரண்டு கதையிலும் உண்டு. அது தனியே தீர்க்கப்பட வேண்டிய கடன்.

ஹட்டன் வாசகரும் இதைக் கவனியுங்கள்: ஈசாக் கதையில் பேலா வரவே முடியாது. பேலாவை அழைத்தவர் மனுவேல். 1176இல் மிரியோகெபாலோனில் துருக்கியரிடம் தோற்றதும் மனுவேலின் படையெடுப்பு. இப்படி 1143ஐ மாற்றிவிட்டு 1176ஐ அப்படியே வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகள் எங்களுக்கே வந்திருக்கின்றன. மாற்றிய வருடத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பக்கத்தில், இதைச் செய்த ஆள் இன்னும் அந்தப் பதவியில் இருக்கிறாரா என்று எழுதிப் பாருங்கள். இல்லையென்றால் கோடு போட்டு வெட்டுங்கள்.

உயர்தரம் படிக்கிறேன். 1453இல் கடைசிப் பேரரசருக்குப் பிள்ளை இருந்திருந்தால் கொன்ஸ்தாந்திநோபிள் தப்பியிருக்குமா?
(பதுளை மாணவர்)

பிள்ளை இருந்து பயனில்லை, தம்பி. பதினோராம் கொன்ஸ்தந்தீன் இரண்டு முறை மணந்தார், இரண்டு மனைவியரும் இறந்தார்கள். ஒரு மகன் இருந்திருந்தாலும் 1453இல் மதிலில் நிற்க இன்னொரு ஆள் கூடியிருப்பார். காத்து நின்றவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். எதிரே ஒட்டோமான் துருக்கியரின் பல மடங்கு படையும் பெரும் பீரங்கிகளும்.

ஆனால் அதற்கு நாலரை வருடம் முன்பு உண்மையான வாரிசுச் சிக்கல் ஒன்று நடந்தது. அதைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். 1448 ஒக்டோபர் 31இல் எட்டாம் யோவான் பிள்ளையின்றி இறந்தார். மூத்த தம்பி கொன்ஸ்தந்தீன் தெற்கே மிஸ்திராவில். அடுத்தவர் திமித்ரியோஸ் தலைநகருக்கு மிகப் பக்கத்தில் இருந்தார். உரோமத் திருச்சபையோடு இணைவதை எதிர்த்தவர்கள் அவர் பக்கம். 1442இல் துருக்கியர் உதவியோடு நகரைத் தாக்கியும் பார்த்தவர் அவர். ஆட்டத்தைத் திருப்பியது வயது முதிர்ந்த தாய் எலேனா. கொன்ஸ்தந்தீன் வரும்வரை ஆட்சிப் பொறுப்பு தன்னுடையது என்று அறிவித்தார். சுல்தான் இரண்டாம் முராத்திடம் தூதனுப்பிச் சம்மதமும் பெறப்பட்டது. கொன்ஸ்தந்தீன் 1449 ஜனவரி 6இல் மிஸ்திராவிலேயே பேரரசராக அறிவிக்கப்பட்டு, மார்ச் 12இல் கற்றலோனியர் கப்பலில் நகருக்கு வந்தார். ஹாகியா சோபியாவில் பாத்திரியார்க் கையால் முடிசூட்டு நடக்கவேயில்லை. இணைப்பை ஏற்ற பாத்திரியார்க்கின் கையால் சூடினால் நகரம் கொதித்திருக்கும்.

எலேனா ஒரு வருடம் முன்பே இறந்திருந்தால்? திமித்ரியோஸ் பேரரசர். 1452 டிசம்பரில் நடந்த இணைப்புத் திருப்பலி நடக்காது, மேற்கிலிருந்து வரும் உதவி இன்னும் குறையும். நகரம் தப்பாது. ஆனால் விழும் விதம் மாறலாம். 1460இல் இதே திமித்ரியோஸ் மிஸ்திராவைச் சண்டையில்லாமல் சுல்தானிடம் ஒப்படைத்தார். தலைநகரையும் அப்படி ஒப்படைத்திருந்தால், இஸ்லாமியப் போர்விதிப்படி பணிந்த நகரத்துக்கு மூன்று நாள் சூறையாடல் இல்லை. கோயில்களில் பலவும் கிறிஸ்தவர் கையிலேயே இருக்க வாய்ப்புண்டு. ஹாகியா சோபியா அவற்றில் ஒன்றாக இருந்திருக்குமா என்பதுதான் நல்ல கட்டுரைத் தலைப்பு. பரீட்சை விடைத்தாளில் மட்டும் இதை எழுதிவிடாதீர்கள். அங்கே நடந்தது போதும்.

பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசில் கல்யாணம் முடித்திருந்தால்?
(அப்புத்தளை வாசகர்)

அதிகம் பேர் எழுதும் கதை, ஆனால் பிடிமானம் குறைவு. 1025இல் இறந்த அவரைக் கல்யாணம் முடிக்க வைக்க நாற்பது வருடம் பின்னே போக வேண்டும். அதற்குள் எல்லாமே மாறிவிடும். அதற்குப் பதில் 1002ஐ எடுங்கள். அவருடைய தம்பி மகள் சோயி, ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் ஒட்டோவை மணக்க இத்தாலியின் பாரி துறைமுகத்தில் இறங்கியபோது, மாப்பிள்ளை ஜனவரியிலேயே காய்ச்சலில் இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. வந்த வழியே திரும்பினார். பிறகு ஐம்பது வயதில்தான் அவருக்குக் கல்யாணம், பிள்ளைக்கு வழியில்லாத வயதில். ஒட்டோவின் காய்ச்சல் ஒரு வருடம் பிந்தினால் கதை தொடங்கிவிடும்.

கதையில் வருடத்தை எப்படிப் போடுவது? பட்டங்களின் ஒழுங்கு என்ன?
(மஸ்கெலியா வாசகர்)

பாத்திரங்கள் பேசும் இடத்தில் கி.பி. வேண்டாம். அவர்கள் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணினார்கள், வருடம் செப்டெம்பர் 1இல் பிறக்கும். ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை என்றால் நமது வருடத்தோடு 5508ஐக் கூட்டுங்கள், செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை 5509. யோவான் இறந்தது 6651, மனுவேல் இறந்தது 6689.

பட்டங்களில், 1163க்கு முன் பேரரசருக்கு அடுத்த நிலை செபாஸ்தோக்கிராத்தோர், அதற்குக் கீழே சீசர். 1163க்குப் பின் டெஸ்பொத்தேஸ் இரண்டுக்கும் மேலே வரும். 1143 கதையில் யாரையும் டெஸ்பொத்தேஸ் ஆக்கிவிடாதீர்கள். ஈசாக் வென்று தம்பியோடு சமாதானம் பேசும் கட்டம் வந்தால், மனுவேலுக்குக் கொடுக்க அவர் கையில் இருக்கும் மிகப் பெரிய பட்டம் செபாஸ்தோக்கிராத்தோர்தான்.